பெயர்கள் உதிரும் பட்டியல்

மும்பைப் பங்குச்சந்தை 1986 ஜனவரி முதல் தேதி சென்செக்ஸ் குறியீட்டை வெளியிட்டபோது அதில் இடம்பெற்ற 30 நிறுவனங்களின் பட்டியலை இன்று எடுத்துப் படித்தால் ஒரு பழைய இந்தியா எழுந்து வரும். அம்பாசடர் கார் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதில் இருந்தது. பத்மினி செய்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் இருந்தது. துணிக்கு பாம்பே டையிங், செஞ்சுரி, காகிதத்துக்குப் பல்லார்பூர், உருக்குக்கு முகுந்த். வங்கி ஒன்றுகூட இல்லை. மென்பொருள் நிறுவனமும் இல்லை. இன்ஃபோசிஸ் பங்கு வெளியிட்டது 1993இல்தான், எச்.டி.எஃப்.சி. வங்கி தொடங்கப்பட்டது 1994இல். அன்றைக்கு விவரம் தெரிந்த ஒருவரிடம் போய், முப்பது வருஷத்துக்குக் கைவைக்காமல் போட்டுவைக்க எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தால், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸைச் சொல்வதற்கு அவர் தயங்கியிருக்க மாட்டார். கார் வேண்டுவோர் பணம் கட்டிப் பதிவுசெய்துவிட்டுக் காத்திருந்த காலம் அது. உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. ஆனால் 1978-79ஆம் ஆண்டை 100 என்று வைத்துக் கணக்கிடப்பட்ட அந்தக் குறியீட்டு எண், 2024 செப்டம்பரில் 85,000ஐத் தாண்டியது.

உள்ளே இருந்தவர்களில் பலர் நொடித்துப்போக, பட்டியல் மட்டும் எப்படி வளர்ந்தது? குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைத்திருக்கும் இண்டெக்ஸ் ஃபண்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக இரண்டு காரணங்களைச் சொல்வார்கள்: பணம் பல நிறுவனங்களில் பரவி நிற்கிறது, செலவு குறைவு. இரண்டும் உண்மை. ஆனால் மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதுவே முதன்மையானது என்று நான் கருதுகிறேன். குறியீட்டிடம் ஒரு நிறுவனத்தைக் கைவிடுவதற்கான விதி இருக்கிறது. நம்மிடம் அது இல்லை. தேசியப் பங்குச்சந்தையின் நிஃப்டி 50 பட்டியல் ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் இறுதியிலும் செப்டம்பர் இறுதியிலும், திருத்தப்படுகிறது. நிறுவனரின் கையில் முடங்காமல் சந்தையில் கைமாறக்கூடிய பங்குகளின் மொத்த மதிப்பு எவ்வளவு, அவை எவ்வளவு எளிதாக விலைபோகின்றன என்று பார்க்கிறார்கள். தகுதி இழந்தது வெளியே போகும், தகுதி பெற்றது உள்ளே வரும். அந்த நிறுவனத்தின் விளம்பரம் எவ்வளவு இனிமையானது, அதன் முதலாளி எத்தனை பெரிய தர்மவான், அதை வாங்கச் சொன்னது யார் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேராது. ஏரிக்குக் கரை எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் கலங்கல். மிகையை வெளியேற்ற வழியில்லாத ஏரி முதல் பெருமழையிலேயே உடையும். தனிப்பங்கு முதலீட்டைக் கற்றுக்கொடுக்கும் புத்தகங்களும் காணொளிகளும் பெரும்பாலும் கரை கட்டுவதைப் பற்றியே பேசுகின்றன: எதை வாங்குவது, எப்போது வாங்குவது. எப்போது, எந்த அளவுகோலை வைத்து விடுவது என்ற கேள்விக்குக் கடைசி அத்தியாயத்தில் ஒரு பக்கம் கிடைத்தால் அதிகம்.

விடுவது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு வலுவான சான்று அமெரிக்காவிலிருந்து வந்தது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்ரிக் பெஸெம்பைண்டர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 1926 முதல் 2016 வரை அங்கே பட்டியலிடப்பட்ட சுமார் 25,000 நிறுவனங்களின் முழு ஆயுளையும் கணக்கிட்டார். அரசின் குறுகிய காலக் கடன்பத்திரத்தில் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் வருமானத்துக்கு மேலாக அந்தச் சந்தை உருவாக்கிய செல்வம் அனைத்தும் அவற்றில் 4% நிறுவனங்களிலிருந்து வந்தது. மீதி 96% நிறுவனங்களையும் ஒன்றாகக் கூட்டினால், கடன்பத்திரம் கொடுத்த அளவுதான் தேறியது. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் பாதிக்கும் மேற்பட்ட பங்குகள் தம் ஆயுளில் அதைக்கூடத் தரவில்லை. இந்த முடிவைப் படிக்கிற இரண்டு பேர் இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளலாம். அந்த 4% எது என்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றும். அந்த 4% எதுவாக இருந்தாலும் அது என் கையை விட்டுப் போய்விடக் கூடாது என்று இன்னொருவருக்குத் தோன்றும். இரண்டாவது விருப்பத்தை நிறைவேற்றப் பெரிய திறமை தேவையில்லை. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் வைத்திருந்து, வளர்வதை வளரவிட்டு, தேய்வதைத் தேயவிட்டால் போதும். சந்தை மதிப்பை ஒட்டி எடை தரும் குறியீடு செய்வது இதைத்தான். வளர்கிற நிறுவனத்தின் பங்கு அதில் தானாகவே பெரிதாகிறது. யாரும் அதைப் பாதியில் விற்று லாபம் பார்ப்பதில்லை.

மனிதர்கள் செய்வது இதற்கு நேரெதிர். டெரன்ஸ் ஓடியன் என்ற ஆய்வாளர் ஓர் அமெரிக்கத் தரகு நிறுவனத்தின் 10,000 கணக்குகளில் 1987 முதல் 1993 வரை நடந்த பரிவர்த்தனைகளை ஆராய்ந்து 1998இல் எழுதினார். லாபத்தில் இருந்த பங்குகளை மக்கள் சுறுசுறுப்பாக விற்றார்கள். நஷ்டத்தில் இருந்தவற்றை விடாமல் பிடித்திருந்தார்கள். அவர்கள் விற்ற பங்குகள் அடுத்த ஓராண்டில், விற்காமல் வைத்திருந்த பங்குகளைவிட நன்றாக ஏறின. இதற்கு ஆய்வுக்கட்டுரை படிக்க வேண்டியதில்லை, நம் ஊர்த் தரகர் அலுவலகத்தில் தினமும் கேட்கிற வாக்கியம் ஒன்று போதும்: ‘வாங்கின விலைக்கு வந்துட்டா வித்துடலாம்.’ வாங்கிய விலை வாங்கியவரின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. நிறுவனத்துக்கு அது தெரியாது. சந்தைக்கும் அது பொருட்டில்லை. இருந்தும் 300 ரூபாய்க்கு வாங்கி 90 ரூபாய்க்கு இறங்கிய பங்கை வைத்திருப்பவர், இன்றைக்கு 90 ரூபாய் கையில் இருந்தால் இதே பங்கை வாங்குவேனா என்று தன்னைக் கேட்டுக்கொள்வதில்லை. விற்றால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகிவிடும். வைத்திருந்தால் ‘நீண்டகால முதலீடு’ என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படி நம் டிமேட் கணக்குகளில் நீண்டகாலம் என்ற பேரில் கிடப்பவற்றில் எத்தனை உண்மையில் விற்க மனம் வராத நஷ்டங்கள் என்பது அவரவருக்குத் தெரியும்.

நன்றாகப் படித்து, ஆராய்ந்து வாங்கினால் இந்த நிலை வராது என்பது முதல் மறுப்பு. நிதி அறிக்கை படிக்கத் தெரிந்தவர்களின் மறுப்பு என்பதால் இதற்கு மதிப்பு உண்டு. மென்பொருள் நிறுவனமான சத்யம் கம்ப்யூட்டர்ஸைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்கலாம். 2008 செப்டம்பர் 30ஆம் தேதியிட்ட அதன் கணக்கின்படி ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய். உலகப் பெயர் பெற்ற தணிக்கை நிறுவனம் அதன் கணக்குகளைச் சரிபார்த்து வந்தது. நியூயார்க் சந்தையிலும் அது பட்டியலிடப்பட்டிருந்தது. நல்ல நிர்வாகத்துக்கான விருது ஒன்றும் அந்த ஆண்டு அதற்குக் கிடைத்திருந்தது. கடன் குறைவு, ரொக்கம் அதிகம், ஏற்றுமதி வருவாய்: பாடப்புத்தகம் கேட்கிற எல்லாத் தகுதிகளும் இருந்தன. 2009 ஜனவரி 7 அன்று அதன் நிறுவனர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், அந்த 5,361 கோடியில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று இருந்தது. முந்தைய நாள் 180 ரூபாய்க்கு அருகில் முடிந்த பங்கு அன்று 40 ரூபாய்க்கு வந்து நின்றது. இதில் ஏமாந்தவர் முட்டாள் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. கவனமாகப் படித்தவர்தான் அதிகமாக நம்பியிருப்பார், ஏனென்றால் படிப்பதற்குக் கிடைத்த தாளே பொய். சென்செக்ஸில் சத்யம் இருந்த இடத்தை உடனடியாக சன் ஃபார்மா பிடித்தது. சென்செக்ஸ் ஃபண்டில் பணம் போட்டிருந்தவருக்கும் நஷ்டம் உண்டு. ஆனால் அது முப்பதில் ஒன்றால் வந்த நஷ்டம். வாழ்நாள் சேமிப்பைத் தொட்ட நஷ்டமாக அது மாறவில்லை. அவர் எந்த முடிவும் எடுக்க வேண்டியிருக்கவுமில்லை.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூர்மையானது. நான் புகழ்கிற அந்த விதியே தாமதமானது என்கிறது அது. குறியீடு ஒரு நிறுவனத்தை அது ஏறி முடித்த பிறகு வாங்குகிறது, விழுந்து முடித்த பிறகு விற்கிறது. இதை மறுக்க முடியாது. 2008 சரிவுக்கு முந்தைய ஆண்டுகளில் ரியல் எஸ்டேட்டும் காற்றாலையும் தொலைத்தொடர்பும் மோகமாக இருந்தபோது யூனிடெக், டி.எல்.எஃப்., சுஸ்லான், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் எல்லாமே நிஃப்டிக்குள் வந்தன. பிறகு ஒவ்வொன்றாக வெளியேறின. இன்னும் தெளிவான உதாரணம் யெஸ் வங்கி. 2015 மார்ச்சில் டி.எல்.எஃப். வெளியேறிய அதே திருத்தத்தில் அது நிஃப்டியில் சேர்க்கப்பட்டது. 2018 ஆகஸ்டில் 400 ரூபாயைத் தொட்டது. 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்து, ஒருவர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று அறிவித்தது. மறுநாள் ஒரு கட்டத்தில் பங்கு 6 ரூபாய்க்கும் கீழே போனது. அந்த மாதமே நிஃப்டியிலிருந்து நீக்கப்பட்டது. நீக்கப்பட்டும் இண்டெக்ஸ் ஃபண்டுகளால் அதை முழுதாக விற்க முடியவில்லை. புனரமைப்புத் திட்டத்தின்படி, நூறு பங்குக்கு மேல் வைத்திருந்த பழைய பங்குதாரர் ஒவ்வொருவரும் தம் பங்குகளில் 75 சதவீதத்தை மூன்று ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது என்று முடக்கிவிட்டார்கள். பட்டியலிலேயே இல்லாத ஒரு பங்கை நிஃப்டி ஃபண்டுகள் 2023 வரை சுமந்தன. இயந்திரம்போல் ஓடும் விதி என்கிறோம். அதன் பல்சக்கரத்திலும் இப்படிக் கல் சிக்கும். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் என் வாதம் நிற்கிறது. தாமதமாக விடுவதற்கும் விடாமலே இருப்பதற்கும் நடுவில்தான் இங்கே தேர்வு. 400 ரூபாயில் யெஸ் வங்கியை வாங்கியவர்களில் பலர் 300இல் ‘மலிவாகக் கிடைக்கிறது’ என்றார்கள்; 100இல் சராசரி விலையைக் குறைக்க மேலும் வாங்கினார்கள். குறியீடு சராசரி செய்வதில்லை. விழுகிற பங்கின் எடை அதில் விழுந்துகொண்டே வருகிறது. கடைசியில் வெளியே தள்ளும்போது அது சிறு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது.

தமிழ்நாட்டு முதலீட்டாளர் இங்கே டைட்டனைக் கொண்டுவருவார். நியாயம்தான். தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் டாட்டா குழுமமும் சேர்ந்து 1984இல் உருவாக்கிய நிறுவனம், தொழிற்சாலை ஓசூரில், மாநில அரசின் கழகம் இன்றும் கால்பங்குக்கு மேல் வைத்திருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் மிக மலிவாகக் கிடந்த அந்தப் பங்கை முதலீட்டாளர் ராகேஷ் ஜுன்ஜுன்வாலா வாங்கிச் சேர்த்துப் பெரும் செல்வம் ஈட்டிய கதையைச் சொல்லாத முதலீட்டுக் கூட்டம் இல்லை. நிஃப்டியோ டைட்டனை 2018இல்தான் சேர்த்தது. பெரும்பாய்ச்சல் முடிந்த பிறகு வந்து கதவைத் தட்டுவதற்கு ஒரு குறியீடு எதற்கு என்று கேட்கலாம். 500 நிறுவனங்களைக் கொண்ட விரிந்த குறியீடுகளில் இந்தக் குறை பெருமளவு நீங்கும் என்பது ஒரு பதில். அதைவிட முக்கியமான பதில் வேறு. 2000ஆம் ஆண்டையொட்டி ஒருவர் டைட்டனைப் பார்த்திருந்தால் என்ன பார்த்திருப்பார்? ஐரோப்பாவில் கடை விரித்துக் கையைச் சுட்டுக்கொண்ட கடிகார நிறுவனம். தனிஷ்க் என்ற நகைப்பிரிவு லாபம் காட்டத் திணறிக்கொண்டிருந்தது. தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த பத்தரை விட்டுவிட்டு நம் மக்கள் கம்பெனி நகை வாங்குவார்களா என்ற சந்தேகம் எங்கும் இருந்தது. அதே காலத்தில் அதே அளவு நம்பிக்கையூட்டிய, அதே அளவு சிரமத்தில் இருந்த வேறு பல நிறுவனங்களின் பெயர் நமக்கு இன்று ஞாபகமில்லை. வென்றதன் பெயரைச் சொல்லிப் பின்னோக்கி வழி போடுவது எளிது. முன்னோக்கி நடந்த நாளில் வழி எதுவும் தெரிந்திருக்காது. ஜுன்ஜுன்வாலாவுக்கும் டைட்டன் ஒரு பங்கு மட்டும்தான். அவர் பல பங்குகளை வாங்கினார், தவறியவற்றிலிருந்து வெளியேறும் பயிற்சி அவருக்கு இருந்தது. கதை கேட்டுப் போகிறவர் எடுத்துப் போவது பெயரை மட்டும்.

தெரிந்ததை வாங்கு, நம்பிக்கையானவரிடம் போடு என்ற அறிவுரை நம்மிடம் மிகப் பழையது. 1906 அக்டோபர் மாதத்தில் மட்டும் சென்னை மாகாணம் அதன் இரு எல்லைகளையும் பார்த்தது. அந்த மாதம் 16ஆம் தேதி தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது. 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், மூலதனம் 10 லட்சம். 22ஆம் தேதி சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கதவடைத்தது. விதவைகளும் ஓய்வுபெற்றவர்களும் கோயில்களும் ‘வெள்ளைக்காரன் கம்பெனி, கல்லுமாதிரி’ என்று நம்பிப் பணம் வைத்திருந்த இடம் அது. அந்த வீழ்ச்சியின் காயத்திலிருந்துதான் மறு ஆண்டு வி.கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியில் இந்தியன் வங்கி பிறந்தது. சுதேசிக் கப்பல் கம்பெனியோ போட்டிக் கம்பெனியின் கட்டண வெட்டையும், 1908இல் வ.உ.சி. சிறைப்பட்டதையும் தாங்க முடியாமல் 1911இல் கலைக்கப்பட்டது. நேர்மையில் அவரைப் போன்ற ஒரு தலைவர் வேறு எந்தக் கம்பெனிக்கும் வாய்த்ததில்லை. அந்தப் பங்கை வாங்கியவர்கள் செய்தது மகத்தான காரியம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அவர்கள் கொடுத்தது ஒரு போராட்டத்துக்கான பங்களிப்பு. முதல் திரும்ப வரும் என்ற எதிர்பார்ப்பை நேசத்தின் மேல் வைக்கலாகாது. ஆர்பத்நாட்டில் பங்காளிகளின் வஞ்சனை, சுதேசிக் கப்பலில் ஏகாதிபத்தியத்தின் கை; இரண்டு காரணமும் முதலீட்டாளர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தன. தெரிந்த பெயர், தெரிந்த ஊர், தெரிந்த பொருள் என்பவை ஒரு நிறுவனத்தின் எதிர்காலத்தைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்கின்றன என்பதற்கு நூறாண்டு கடந்தும் இதைவிடத் துல்லியமான சான்று நமக்குத் தேவைப்படாது.

சரி, எனக்கு விடத் தெரியாவிட்டால் விஷயம் தெரிந்த ஃபண்ட் மேனேஜர் ஒருவரிடம் கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். இதற்கான பதில் ஒரு கூட்டல் கணக்கு. பொருளாதார அறிஞர் வில்லியம் ஷார்ப் 1991இல் அதைச் சில பக்கங்களிலேயே எழுதினார். சந்தையின் எல்லாப் பங்குகளையும் யாரோ ஒருவர் வைத்திருக்கிறார். குறியீட்டை அப்படியே பின்பற்றுகிறவர்களுக்குச் சந்தையின் சராசரி கிடைக்கிறது என்றால், தேர்ந்தெடுக்கிற மீதிப் பேர் எல்லாருக்கும் சேர்த்தும் அதே சராசரிதான் மிஞ்சும். ஒருவர் முந்தினால் இன்னொருவர் பிந்தியாக வேண்டும். இதிலிருந்து செலவைக் கழித்தால் இரண்டாம் கூட்டம் பின்தங்குகிறது. செலவு ஒன்றரை சதவீதம்தானே என்று தோன்றும். 1 லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 12% வளர்ந்தால் 30 ஆண்டில் ஏறத்தாழ 30 லட்சம், 10.5% வளர்ந்தால் 20 லட்சம். பத்து லட்சம் அந்த ஒன்றரைக்குள் போய்விட்டது. இந்த 12 என்பது யாரும் தரும் உத்தரவாதமில்லை, கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண். இந்தியாவில் திறமையான மேனேஜர்கள் குறியீட்டை முந்தியே வந்தார்கள் என்பார்கள். ஒரு காலத்தில் அது உண்மையாகத் தெரிந்தது. ஆனால் அன்றைய ஒப்பீட்டில் குறியீட்டின் டிவிடெண்ட் சேர்க்கப்படவில்லை. பெரிய நிறுவன ஃபண்ட் என்ற பெயரில் நடுத்தர நிறுவனப் பங்குகளையும் வாங்கிக்கொள்ள முடிந்தது. 2017 அக்டோபரில் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி வகைப்பாட்டை இறுக்கி, முதல் 100 நிறுவனங்கள்தான் லார்ஜ் கேப் என்றது. 2018 பிப்ரவரியிலிருந்து டிவிடெண்டையும் சேர்த்த குறியீட்டோடுதான் ஒப்பிட வேண்டும் என்றது. அதன்பின் லார்ஜ் கேப் பிரிவில் பெரும்பான்மையோர் நீண்டகால ஒப்பீட்டில் குறியீட்டுக்குப் பின்னால் நிற்கிறார்கள். சிறிய நிறுவனங்களின் பகுதியில் ஆராய்ச்சிக்கு இன்னமும் பலன் இருக்கலாம். அங்கே தகவல் குறைவு, மோசடி அதிகம், வேண்டாததை ஒதுக்கவே ஒருவர் தேவை. அந்தப் பகுதியைப் பற்றி நான் இதே உறுதியோடு பேச மாட்டேன்.

எல்லாரும் குறியீட்டையே வாங்கினால் விலையை யார் நிர்ணயிப்பது என்ற கேள்வி கருத்தரங்குகளுக்கு உரியது. அன்றாடம் லட்சக்கணக்கானோர் வாங்கி விற்றுக்கொண்டிருக்கும் நம் சந்தையில் அந்த நாள் தொலைவில் இருக்கிறது. பங்கு முன்பேர வணிகத்தில் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணம் இழந்தார்கள், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று செபியின் ஆய்வே சொல்கிறது. நம் பிள்ளைகள் செல்பேசியில் இழக்கிற அந்தப் பணத்தை நினைத்தால் வயிறு எரிகிறது. விலை நிர்ணயிக்க ஆளில்லாமல் போவதைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் நாம் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றி.

என்னால் முழுமையாகப் பதில் சொல்ல முடியாத மறுப்பு ஜப்பான். நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று 38,915இல் முடிந்தது. அந்த உயரத்தை மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரி 22 அன்று. முப்பத்து நான்கு ஆண்டுகள் என்பது ஒருவர் வேலையில் சேர்ந்து ஓய்வு பெறுகிற காலம். நம் கதையும் எப்போதும் ஏறுமுகமில்லை: பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தா காலத்தில் 1992 ஏப்ரலில் சென்செக்ஸ் 4,467ஐத் தொட்டது, 2003 ஏப்ரலில் 3,000க்குக் கீழே இருந்தது. பதினோரு ஆண்டு கழித்து மூன்றில் ஒரு பங்கு குறைவு, விலைவாசி ஏறியது தனி. குறியீட்டுக்குத் தன் உறுப்பினரைக் கைவிடத் தெரியும். தன் நாட்டைக் கைவிடத் தெரியாது. பட்டியலில் உள்ள எல்லா நிறுவனமும் ஒரே நேரத்தில் அளவுக்கு மீறி விலையேறி நின்றால் அதையும் அது வாங்கிக்கொண்டே இருக்கும். மாதாமாதம் போடுகிற எஸ்.ஐ.பி. இதன் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கும். 1989 உச்சத்தில் மொத்தமாகப் போட்டவரின் கதி, இருபது வருடம் சிறுகச் சிறுகப் போட்டவருக்கு வராது. வைப்புநிதியிலும் பொது வருங்கால வைப்புநிதியிலும் ஒரு பகுதி இருக்கட்டும். ஒரு பகுதி வெளிநாட்டுக் குறியீட்டில் இருக்கலாம். ஆனால் அபாயம் ஒழிந்தது என்று சொல்லுகிற எவரையும் நம்பக் கூடாது. பத்தாண்டுக்குள் தேவைப்படும் பணத்தை, மகளின் படிப்புக்கு எடுத்துவைத்ததை, வீட்டுக்கு முன்பணமாகச் சேர்ப்பதை, எந்தப் பங்குக் குறியீட்டிலும் முழுதாகப் போடச் சொல்ல எனக்கு மனம் வராது.

இத்தனையும் சொன்னபின் எந்த இண்டெக்ஸ் ஃபண்ட் என்று கேட்டால் பதில் சுருக்கமானது: விரிந்த குறியீடு ஒன்று, நிஃப்டி 50 அல்லது அதோடு அடுத்த ஐம்பது, அல்லது 500, முகவர் கமிஷன் இல்லாத டைரக்ட் திட்டம், குறியீட்டுக்கும் ஃபண்டின் வருமானத்துக்கும் உள்ள இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு சிறிதாக இருப்பது. கவனம் வேண்டிய இடம் வேறு. ஜான் போகிள் 1976இல் முதல் பொது இண்டெக்ஸ் ஃபண்டைத் தொடங்கியபோது 15 கோடி டாலர் திரட்ட நினைத்து 1.1 கோடிதான் கிடைத்தது; அந்த அளவுக்கு அது சுவாரசியமற்ற சரக்கு. இன்றோ இண்டெக்ஸ் என்ற நல்ல பெயரை ஒட்டிக்கொண்டு, பாதுகாப்புத் துறை, மின்வாகனம், சுற்றுலா என்று மோகத்துக்கு ஒரு குறியீடு செய்து, அது கடந்த காலத்தில் இருந்திருந்தால் எவ்வளவு ஏறியிருக்கும் என்று படம் போட்டு விற்கிறார்கள். ஒரே துறைக்குள் பெயரை மாற்றி மாற்றி வைக்கும் குறியீடு, துறையே நொடித்தால் எங்கே போகும்? நான் சொல்லும் கைவிடும் விதி அங்கே பாதி செத்துவிட்டது. தங்கள் பணம் சந்தைக்கே போகவில்லை என்று நினைக்கும் லட்சக்கணக்கான பி.எஃப். சந்தாதாரர்களுக்காக, தொழிலாளர் வருங்கால வைப்புநிதி நிறுவனம் 2015 ஆகஸ்டிலிருந்து நிஃப்டி, சென்செக்ஸ் குறியீடுகளைப் பின்பற்றும் இ.டி.எஃப். ஃபண்டுகளில் முதலிட்டு வருகிறது. பொதுப்பணத்தின் பாதுகாவலரே எடுத்த வழி இந்தச் சுவாரசியமற்ற வழிதான்.

தனிப்பங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. நிறுவனங்களைப் படிப்பது நாட்டைப் படிப்பது. ஆண்டறிக்கையை வரிவரியாகப் படிக்கிறவருக்கு அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதை யாரும் பறிக்க வேண்டாம். சேமிப்பில் பத்தில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்கலாம். ஆனால் வாங்குகிற அன்றே, எது நடந்தால் விற்பேன் என்று ஒரு காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும்: நிறுவனர் தம் பங்குகளை அடகு வைப்பது கூடினால், தணிக்கையாளர் பாதியில் விலகினால், கணக்கில் லாபம் வந்தும் ரொக்கம் வராமல் போனால். விலை பற்றிய வரி அதில் வேண்டியதில்லை. எழுத முடியவில்லை என்றால் அந்தப் பங்கை இன்னும் வாங்கும் அளவுக்குப் படிக்கவில்லை என்று பொருள். இன்னொன்றும் கணக்கில் வர வேண்டும். தனிப்பங்கை லாபத்தில் விற்கும்போதெல்லாம் வரிக்கு இடமுண்டு. இண்டெக்ஸ் ஃபண்டுக்குள் ஒன்று போய் இன்னொன்று வரும்போது ஃபண்ட் வைத்திருப்பவருக்கு வரி எதுவும் இல்லை, அவர் தம் யூனிட்டை விற்கும் நாள் வரை.

நீண்டகாலம் என்று சொல்லும்போது நாம் பங்கின் ஆயுளை நினைக்கிறோம், வைத்திருப்பவரின் ஆயுளை நினைப்பதில்லை. முப்பது வயதில் நாற்பது பங்குகளைக் கவனித்தவருக்கு எழுபதில் கண் மங்கும், ஞாபகம் தளரும். அவருக்குப் பின் அந்தப் பட்டியல் அதைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் கைக்கு வரும், பெரும்பாலும் மனைவி கைக்கு. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி தொடர்ந்து ஏழு ஆண்டுகள் டிவிடெண்ட் கேட்கப்படாத பங்குகள் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்பட்டுவிடும். இரும்புப் பெட்டியில் அப்பா வைத்துவிட்டுப் போன காகிதப் பங்குச் சான்றிதழ்களோடு, பெயரில் ஓர் இனிஷியல் மாறியிருப்பதற்காகவும் கையெழுத்து ஒத்துப்போகாததற்காகவும் நிறுவனத்துக்கும் பதிவாளர் அலுவலகத்துக்கும் வாரிசுச் சான்றுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கும் அலைகிற குடும்பங்கள் நம் ஊரில் நிறைய. ஒரே ஃபண்டில் இருக்கும் பணத்தை, நிஃப்டி என்றால் என்னவென்றே தெரியாத ஒருவரும் இறப்புச் சான்றிதழையும் கே.ஒய்.சி. ஆவணங்களையும் கொடுத்துத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்கு நாமினி பெயர் பதிவாகியிருக்க வேண்டும். எந்த ஃபண்ட், ஃபோலியோ எண் என்ன என்பதை வீட்டில் ஒருவருக்காவது இப்போதே சொல்லி வைத்திருக்க வேண்டும்.